டேஷ்போர்டுப் பிள்ளையாரும் ஏர்பேக்கும்

புதுக் கார் வந்த அன்றே பூஜை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, டேஷ்போர்டில் ஒரு சின்னப் பிள்ளையாரை ஒட்டிவிடுவது நம் வழக்கம். நடுவில் ஒட்டினால் பாதகமில்லை. சில கார்களில் அவர் வீற்றிருப்பது இடதுபக்கப் பயணிக்கு நேர் எதிரே, 'ஏர்பேக்' என்று எழுத்துப் பொறித்த மூடியின்மேல். விபத்தில் அந்த மூடி பிளந்து, உள்ளே மடிந்திருக்கும் பை மணிக்கு 300 கி.மீ. வரையிலான வேகத்தில் வெளியே பாயும். பித்தளையோ கல்லோ ஆன அந்தச் சிலை அப்போது எங்கே போகும்? எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்குத்தான். சாமிமேல் குற்றமில்லை, ஒட்டிய இடம் தப்பு.

ஏர்பேக் என்றால் மெத்தென்ற தலையணை, அது இருந்தால் பெல்ட்டுக்கு அவசியமில்லை, பின்சீட்டில் இருந்தால் இரண்டுமே வேண்டாம் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாகப் பதிந்திருக்கிறது. மூன்றுமே பிழை. ஏன் பிழை என்று புரிய, மோதலின்போது ஒரு காருக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

மணிக்கு 60 கி.மீ. என்பது கிழக்குக் கடற்கரைச் சாலையில் யாருக்கும் வேகமாகவே தோன்றாது. விநாடிக்கு அது ஏறக்குறைய 16.7 மீட்டர். நான்கு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து, அதாவது சுமார் 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் தரையைத் தொடும் வேகமும் இதுவே. அந்த வேகத்தில் ஒரு கார் சுவரில் மோதி, முன்பகுதி 60 செ.மீ. நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 60 செ.மீ.க்குள் வேகம் முழுவதும் அடங்க வேண்டுமென்றால், உள்ளே இருப்பவர்மீது சராசரியாக அவர் எடையைப்போல் 23, 24 மடங்கு விசை விழும். 65 கிலோ ஆளுக்கு அது ஒன்றரை டன். சரக்கேற்றிய ஒரு 'குட்டி யானை' வண்டியின் எடை. "இடிக்கப்போகுதுன்னு தெரிஞ்சா டேஷ்போர்டைப் பிடிச்சுக்குவேன்" என்று சொல்பவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

இது பெல்ட் போட்டவரின் கணக்கு. காரோடு சேர்ந்து அவரும் நிற்கிறார், கார் நசுங்கும் 60 செ.மீ. அவருக்கும் கிடைக்கிறது. பெல்ட் போடாதவரை நிறுத்த எதுவுமில்லை. கார் நின்ற பிறகும் அவர் அதே 60 கி.மீ. வேகத்தில் முன்னே போய்க்கொண்டிருக்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்த நியூட்டனின் முதல் விதி இதுதான். ஸ்டீயரிங்கோ கண்ணாடியோ முன்சீட்டின் முதுகோ அவரை 5 செ.மீ.க்குள் நிறுத்தினால் விசை எடையைப்போல் 280 மடங்கைத் தாண்டும். அதோடும் முடிவதில்லை. கார் மோதுவது முதல் மோதல், உடல் காருக்குள் எதிலாவது மோதுவது இரண்டாவது. உடல் நின்ற பிறகும் உள்ளே மூளை மண்டையோட்டில் மோதும், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி கிழியலாம். மேலே ஒரு கீறல்கூட இல்லாமல் இறந்துபோகிறவர்கள் இந்த மூன்றாவது மோதலில் இறக்கிறார்கள்.

மனித உடல் எவ்வளவு தாங்கும் என்பதைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தவர் ஜான் பால் ஸ்டாப். அமெரிக்க விமானப்படையின் மருத்துவர். 1954 டிசம்பர் 10 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில், தண்டவாளத்தில் ஓடும் ராக்கெட் வண்டியில் தன்னை இறுகக் கட்டிக்கொண்டு மணிக்கு 1,000 கி.மீ.க்கும் மேலான வேகத்தை எட்டினார். பிறகு 1.4 விநாடியில் வண்டி நின்றது. அவர் எடையைப்போல் 46 மடங்கு விசை அவர்மேல் விழுந்தது. கண்ணின் இரத்தக் குழாய்கள் வெடித்துச் சிறிது நேரம் பார்வை போனது, பிறகு திரும்பியது. எலும்புகள் உள்ள இடத்தில் சரியாகக் கட்டிவைத்தால் உடல் நாம் நினைப்பதைவிடப் பல மடங்கு தாங்கும் என்று அவர் காட்டினார். அதன்பின் கார்களில் பெல்ட் வேண்டும் என்று அலையாய் அலைந்து வாதாடியவரும் அவரே.

எங்கே கட்டுவது என்ற கேள்விக்கு விடை கொடுத்தவர் ஸ்வீடனின் நில்ஸ் போலின். போர் விமானங்களிலிருந்து விமானியைத் தூக்கி எறியும் இருக்கைகளை வடிவமைத்தவர், 1958-இல் வால்வோ நிறுவனத்துக்கு வந்தார். அதுவரை கார்களில் இருந்தது பெரும்பாலும் வெறும் இடுப்புப்பட்டை. மோதும்போது அது வயிற்றை அறுத்தது, மேலுடம்பை அப்படியே முன்னே மடங்கவிட்டது. போலின் செய்தது பார்வைக்கு மிக எளிமையானது. ஒரு பட்டை இடுப்பெலும்பின் குறுக்காக, இன்னொரு பட்டை தோளிலிருந்து மார்பின் குறுக்காக, இரண்டும் இடுப்பின் பக்கவாட்டில் தாழ்ந்த ஓர் இடத்தில் சேரும். ஒரே கையால் மாட்டிவிடலாம். விமானிகளுக்கான சிக்கலான கட்டுகளைச் சாதாரண மனிதர்கள் மாட்டிக்கொள்ள மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1959 ஆகஸ்டில் முதல் மும்முனை பெல்ட் பொருத்திய கார் விற்பனைக்கு வந்தது. காப்புரிமையை வால்வோ இறுக்கிப் பிடித்துக்கொள்ளாமல் எல்லா நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டது. கார் வரலாற்றில் இதைவிடப் பெரிய கொடை எனக்குத் தெரியவில்லை.

பெல்ட் தாங்குவது எலும்பை நம்பித்தான். இடுப்பின் இருபுற எலும்பு, மார்பெலும்பு, தோளருகே காறையெலும்பு. வயிற்றில் எலும்பு இல்லை. அதனால்தான் கீழ்ப்பட்டை தொப்பைக்கு அடியில், தொடை தொடங்கும் இடத்தில் தாழ்வாகப் படிய வேண்டும். தொப்பைமேல் ஏறிக் கிடக்கும் பட்டை மோதும்போது குடலையும் கல்லீரலையும் நசுக்கும். கர்ப்பிணிகளும் பெல்ட் போடத்தான் வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றுக்குக் கீழே, மேல்பட்டை மார்பகங்களுக்கு நடுவில் இறங்கி வயிற்றின் பக்கவாட்டில் போக வேண்டும். மூச்சு முட்டுகிறது, சேலை கசங்குகிறது என்று மேல்பட்டையை அக்குளுக்கடியில் செருகிக்கொள்வது பெல்ட் போடாததற்கு அடுத்தபடியான ஆபத்து. தோள் எலும்பு தாங்க வேண்டிய விசை விலா எலும்புகளில் இறங்கி, அவை முறிந்து உள்ளே குத்தும்.

நெடும்பயணத்தில் முன்சீட்டைப் பின்னால் சாய்த்துக் கட்டில்போலாக்கித் தூங்குபவர்களைப் பார்த்திருப்பீர்கள். சாய்ந்த உடலுக்கும் மேல்பட்டைக்கும் நடுவே பெரிய இடைவெளி. மோதினால் ஆள் கீழ்ப்பட்டைக்கு அடியில் நழுவி இறங்குவார், பட்டை வயிற்றில் ஏறும், அல்லது கழுத்தில் சிக்கும். தூக்கம் வந்தால் நிமிர்ந்த சீட்டில் பெல்ட்டோடு தூங்கட்டும்.

இன்றைய பெல்ட் வெறும் நாடா இல்லை. மெதுவாக இழுத்தால் வரும், வெடுக்கென்று இழுத்தால் பிடித்துக்கொள்ளும். பட்டை சட்டென்று உருவப்பட்டாலும், வண்டியே திடீரென்று வேகம் குறைந்தாலும் சுருள் பூட்டிக்கொள்ளும்படி உள்ளே அமைப்புகள் உண்டு. பல கார்களில் அதோடு ஒரு சிறிய வெடிமருந்துக் குப்பியும் இருக்கும். மோதிய சில மில்லி விநாடிகளில் அது வெடித்துப் பட்டையின் தளர்ச்சியை உள்ளே இழுத்து, ஆளைச் சீட்டோடு ஒட்டவைக்கும். அடுத்த கணமே எதிர்வேலை தொடங்கும். மார்பில் அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால், சுருளுக்குள் இருக்கும் ஓர் உலோகத் தண்டு முறுக்கிக்கொண்டு பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். முதலில் இறுக்கிப் பிடி, பிறகு அளந்து விடு. அப்படி விட்டுக்கொடுக்கும்போது தலையும் மார்பும் முன்னே வரும் அல்லவா? அந்த இடத்தில் அவற்றை வாங்கிக்கொள்ளத்தான் ஏர்பேக். பெல்ட் தொடங்கிய வேலையை முடித்துவைக்கும் துணையாள் அது.

துணையாளை முதலாளி என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. 1970-களில் அங்கே பெல்ட் போடுபவர்கள் சிலரே. மக்களை மாற்ற முடியாது, காரை மாற்றிவிடலாம் என்று அரசு நினைத்தது. பெல்ட்டே போடாத சராசரி ஆணின் உருவபொம்மையை மணிக்கு 48 கி.மீ. மோதலில் காப்பாற்ற வேண்டும் என்று விதி வந்தது. பெல்ட் இல்லாமல் பறந்து வரும் 75 கிலோ உடலைத் தடுக்க வேண்டுமென்றால் பை எவ்வளவு மூர்க்கமாக விரிய வேண்டும்! அப்படியே விரிந்தது. 1990-களில், பெரிதாகச் சேதமே ஆகாத சிறு மோதல்களில்கூடக் குழந்தைகளும் குள்ளமான பெண்களும் பை அடித்து இறக்கத் தொடங்கினார்கள். 1990 முதல் 2008 வரை அங்கே இப்படி 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முன்சீட்டுப் பயணிகளாக இருந்து இறந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே குழந்தைகள். மிகப் பெரும்பாலோர் பெல்ட் போடாதவர்கள், அல்லது தப்பாகப் போட்டவர்கள். 1998 மாடல்களிலிருந்து பைகளின் வேகம் குறைக்கப்பட்ட பிறகுதான் சாவுகள் அடங்கின.

பை மூர்க்கமாக இருப்பதற்குக் காரணம் நேரமின்மை. ஒரு மோதல் மொத்தமாக நடந்து முடிய சுமார் 100 முதல் 150 மில்லி விநாடி, ஏறக்குறைய கண் இமைக்கும் நேரம். உணரி மோதலை உறுதிசெய்ய 15, 20 மில்லி விநாடி போய்விடுகிறது. பிறகு வேதிப்பொருள் பற்றி, வாயு பொங்கி, இன்னும் 30 மில்லி விநாடிக்குள் பை நிறைய வேண்டும். தலை அதைத் தொடும்போது அது விரிந்து முடிந்து, பின்புறத் துளைகள் வழியாகச் சுருங்கத் தொடங்கியிருக்க வேண்டும். விரிந்து முடிந்த பையில் சாய்வது பிழைப்பு. விரிந்துகொண்டிருக்கும் பையின் எதிரே முகம் இருந்தால் அது குத்து.

ஆகவே இடைவெளிதான் உயிர். ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் ஓட்டுநரின் மார்பெலும்புக்கும் குறைந்தது 25 செ.மீ. இருக்க வேண்டும். பெல்ட் போடாதவர் பிரேக் அடித்த உடனேயே முன்னால் சரிந்துவிடுவதால், பை வெடிக்கும்போது அவர் முகம் அதன் மூடியருகே இருக்கும். ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்தபடி ஓட்டுகிறவர்கள் சீட்டைப் பின்தள்ளி, உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். கைகள் கடிகாரத்தின் 9-லும் 3-லும் இருப்பது நல்லது. 12-இல் ஒற்றைக் கையை வைத்து ஓட்டுவது சினிமாவில் அழகு. நிஜத்தில் அந்தக் கையைப் பை ஓட்டுநரின் முகத்திலேயே எறியும். டேஷ்போர்டின்மேல் காலை நீட்டிப் போட்டுக்கொள்ளும் பயணிக்கு முழங்கால் முகத்தில் வந்து சேரும், இடுப்புமூட்டு நொறுங்கும்.

சீட் பெல்ட் போடாவிட்டால் 'பீப் பீப்' என்று கத்துகிறது என்பதற்காக வெறும் கொக்கியை மட்டும் வாங்கி மாட்டிவைக்கிறார்கள். காருக்கு முன்புறம் கம்பி அடிக்கிறார்கள், பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சீட்டுக்கு மேலே இறுக்கமான உறை தைக்கிறார்கள். கொக்கி மாட்டியிருக்கிறதா என்பதைப் பார்த்து, எந்த அளவு மோதலில் பையை விரிப்பது என்ற கணக்கையே மாற்றிக்கொள்ளும் கார்கள் உண்டு. போலிக் கொக்கி அந்தக் கணினியிடம் பொய் சொல்கிறது. முன்கம்பி மோதலின் அதிர்வை வேறு வழியில் திருப்பி உணரியைக் குழப்பக்கூடும். மத்திய அரசு 2017 டிசம்பரில் இந்தக் கம்பிகளைத் தடைசெய்ததற்கு இதுவும் காரணம். சீட் உறை பக்கவாட்டுப் பையை வெளியே வரவிடாமல் தடுக்கலாம். காருக்கு நாம் செய்யும் 'அலங்காரங்கள்' இவை.

பழைய கார் வாங்குவோருக்கு ஒன்று. ஜப்பானின் தகாட்டா நிறுவனம் அம்மோனியம் நைட்ரேட் வைத்துச் செய்த ஏர்பேக்குகள், பல வருட வெக்கையிலும் ஈரப்பதத்திலும் கெட்டு, வெடிக்கும்போது உலோகச் சில்லுகளைச் சிதறவிட்டன. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கார்கள் திரும்பப் பெறப்பட்டன, 2017-இல் நிறுவனம் திவாலானது. இந்தியாவிலும் திரும்ப அழைக்கப்பட்ட கார்கள் உண்டு. வெக்கையும் ஈரமும் நம் கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். 2015-க்கு முந்தைய கார் என்றால் அதன் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து நிறுவனத்திடம் கேட்டுவிடுவது நல்லது. ஒருமுறை வெடித்த பையை மாற்றாமல் வெறும் மூடியை ஒட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள். சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் சந்தேகப்படுங்கள்.

இனிப் பின்சீட்டு. 2022 செப்டம்பர் 4, டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி குஜராத்திலிருந்து மும்பைக்கு வந்துகொண்டிருந்தார். பால்கர் மாவட்டத்தில் சூர்யா ஆற்றுப் பாலத்தின் தடுப்பில் கார் மோதியது. விலை உயர்ந்த மெர்சிடிஸ், ஏர்பேக்குகளுக்குக் குறைவில்லை. முன்சீட்டில் இருந்த இருவரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த மிஸ்திரியும் உடன் வந்தவரும் இறந்தார்கள். மோதலின்போது பின்சீட்டுக்காரருக்கு எதிரே இருப்பது பை இல்லை, முன்சீட்டின் சட்டகம்.

பெல்ட் போடாத பின்சீட்டுக்காரர் தன்னை மட்டும் கொன்றுகொள்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2002-இல் டோக்கியோ ஆய்வாளர்கள் ஜப்பானிய விபத்துப் பதிவுகளை அலசி 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பின்சீட்டில் பெல்ட் போடாதவர் இருந்தால், பெல்ட் போட்டு முன்னால் இருப்பவர் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 5 மடங்காகிறது. ஒன்றரை டன் விசையோடு பின்னாலிருந்து மோதுவது மாமாவாக இருந்தாலும் மாமியாராக இருந்தாலும் முன்சீட்டு நொறுங்கத்தான் செய்யும். டிக்கியில் கட்டாமல் கிடக்கும் தண்ணீர் கேனும் இதே கணக்கில்தான் வரும்.

எல்லாவற்றையும்விட மனம் பதைப்பது குழந்தையை மடியில் வைத்து முன்சீட்டில் வருபவர்களைப் பார்க்கும்போதுதான். பத்து கிலோ குழந்தை, 60 கி.மீ. மோதலில் 240 கிலோ பாரமாகிவிடும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடித்துவைக்காது. குழந்தை அங்கே தாய்க்கும் ஏர்பேக்குக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். தன் பெல்ட்டையே குழந்தைக்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டால் தாயின் எடையும் குழந்தைமேல் இறங்கும். கைக்குழந்தையின் தலை, உடல் நீளத்தில் ஏறக்குறைய கால்வாசி, கழுத்தோ இளசு. இதனால்தான் முதல் சில ஆண்டுகளுக்குக் குழந்தை இருக்கையைப் பின்னோக்கிப் பொருத்தச் சொல்கிறார்கள். ஸ்வீடனின் பெர்டில் ஆல்ட்மன் 1964-இல் இதைச் செய்துபார்த்தபோது, விண்வெளி வீரர்கள் முதுகுப்புறமாக விசையைத் தாங்கும் முறைதான் அவருக்கு வழிகாட்டியது. அந்த இருக்கைக்கு இடம் பின்சீட்டு. இயங்கும் நிலையில் உள்ள ஏர்பேக்கின் எதிரே முன்சீட்டில் அதை வைக்கவே கூடாது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்குப் பெல்ட் கழுத்தில் உரசினால் உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கை உண்டு. ஏறக்குறைய 145 செ.மீ. உயரம் வரும்வரை அது தேவை. சன்ரூஃபில் தலையை நீட்டி நிற்கவைப்பதைப் பற்றி எழுதுவதற்கே அலுப்பாக இருக்கிறது.

தலைத்தாங்கியைக் கழற்றிவிட்டு அங்கே டிவி மாட்டுபவர்கள், பின்னாலிருந்து லாரி இடிக்கும்போது கழுத்தை எது தாங்கும் என்று யோசித்துவிட்டுச் செய்யட்டும். அதன் மேல்விளிம்பு உச்சந்தலை அளவுக்கு, தலைக்கு மிக நெருக்கமாக இருந்தால் போதும்.

நம் நாட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை. முன்சீட்டுக்கும் முன்னோக்கிய பின்சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம், மீறினால் ரூ.1,000 அபராதம், 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் சீட் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அவர்களில் 8,384 பேர் ஓட்டுநர்கள், 8,331 பேர் பயணிகள். கிட்டத்தட்டச் சரிபாதி. டோல்கேட்டில் போலீஸைக் கண்டதும் ஓட்டுநர் மட்டும் பெல்ட்டை இழுத்து மடியில் போட்டுக்கொள்வதை இந்த எண்ணோடு சேர்த்துப் பாருங்கள்.

'பாரத் என்கேப்' சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கிய கார் என்று பெருமையாகச் சொல்கிறோம். மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுத்தான் அந்த நட்சத்திரம் தருகிறார்கள். ஆனால் சோதனைக் காரில் உட்கார்ந்திருக்கும் பொம்மைகள் ஒழுங்காகப் பெல்ட் போட்டிருக்கும், குழந்தைப் பொம்மைகள் குழந்தை இருக்கையில் இருக்கும். பெல்ட் போடாதவருக்கு அந்த நட்சத்திரங்களில் பங்கில்லை.

பல வீட்டுக் கார்களில் பின்சீட்டுக் கொக்கிகள் சீட் உறைக்கு அடியில் வருடக்கணக்காகப் புதைந்து கிடக்கின்றன. இந்த ஞாயிற்றுக்கிழமை கார் கழுவும்போது உறையில் ஓட்டை போட்டு மூன்றையும் வெளியே எடுங்கள். பட்டையை முழுதும் உருவிப் பாருங்கள், வெடுக்கென்று இழுத்தால் பூட்டுகிறதா என்று சோதியுங்கள். பிறகு எல்லோரும் மாட்டிக்கொண்ட பிறகே வண்டியை எடுப்பது என்று வீட்டில் சொல்லிவிடுங்கள், தாத்தா பாட்டிக்கும் சேர்த்து.